‘கான்’: லகபா, நஸபா?

சேலம் நகரிலிருந்து ஏற்காட்டிற்கு ஏறிச் செல்லும் மலைப்பாதை இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் கடந்து இன்னும் மேலே சென்றால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் உறைவதாக மலைமக்கள் நம்பும் குகைக்கோயில் அமைந்த உச்சியை அடையலாம். அப்பெயரே மலைத்தொடர் முழுமைக்கும் வழங்குகின்றது. ஆங்கிலேயர் அதனை ‘ஷெவராய்’ எனத் திரித்துக்கொண்டனர். பெயரின் பிற்பகுதியில் நிற்கும் ‘ராயன்’ அரசரைக் குறிக்கும் பட்டம். அம்மலையில் வாழும் மலையாளி இனத்தார் கேரளத்தாரல்லர்; மலையில் வாழ்வோர் என்பதாலேயே அப்பெயர் பெற்றவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறினர் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. அவர்கள் தம் பெயருக்குப் பின்னால் ‘கவுண்டர்’ என்று இட்டுக்கொள்கின்றனர். கவுண்டர் என்பதும் ஒரு காலத்தில் ஊர்த்தலைமையைச் சுட்டிய பட்டமே. கீழே கொங்குச் சமவெளியில் அதே பட்டத்தைக் கொண்டிருப்போருக்கும் இவர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. பட்டம் ஒன்று, மரபுகள் பல.

இதனை இங்கு எடுத்துக்கூறுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நாம் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. அவருடைய மகளுக்குச் சமவெளியிலுள்ள ஓர் ஊரிலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். பிள்ளை படித்தவர், தொழுகையாளி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் பெண் வீட்டு மூத்தவர் ஒருவர் அப்பேச்சைத் தடுத்து நிறுத்தியிருந்தார். பிள்ளையின் பெயரும் அவருடைய தந்தையின் பெயரும் ‘கான்’ என்று முடிந்ததே அதற்குக் காரணம். “அவர்கள் பட்டாணியர்; நாமோ இராவுத்தர். நஸபு எப்படிப் பொருந்தும்?” என்பது அப்பெரியவரின் வாதம். பிள்ளை வீட்டாரோ தமிழைத் தவிர வேறு மொழி பேசி அறியாதவர்கள். அந்தப் பெயர் தம் குடும்பத்திற்கு எங்கிருந்து வந்தது என்பதையும் அறியாதவர்கள். “ஹஜ்ரத், நீங்கள் சொல்லுங்கள், கஃபாஅத் பார்க்க வேண்டாமா?” என்று பெரியவர் நம்மிடமே கேட்டுவிட்டார்.

ஹனஃபீ மத்ஹபின் நூல்களில் கஃபாஅத் என்னும் திருமணப் பொருத்தம் பற்றிய பாடம் உண்டு. நஸபும் அதில் பேசப்படுகின்றது. ஆனால் ‘ஹிதாயா’ முதலிய நூல்களை ஓதியவர்கள், அந்த நஸபுக் கணக்கு அரபியருக்கே உரியதென்பதை அறிவார்கள். அரபியரல்லாத அஜமியரைப் பொறுத்தவரை, எத்தனை தலைமுறையாக இஸ்லாத்தில் இருக்கின்றனர் என்பதையே ஃபுகஹாக்கள் நோக்குகின்றனர். இராவுத்தரும் அஜமி, பட்டாணியரும் அஜமி. ஃபிக்ஹின்படி விடை அத்துடன் முடிந்தது. எனினும், ‘கான்’ என்றால் பட்டாணியர்தாம் என்ற பெரியவரின் துணிபு சரிதானா என்னும் வினா நம்மை விடவில்லை. மலையிலிருந்து இறங்கிய பின்னர் நூல்களைப் புரட்டிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

அரபியர் ஒரு மனிதரின் பெயரைப் பல கூறுகளாகப் பகுத்து வைத்துள்ளனர். பெற்றோர் இட்டது இஸ்மு. இன்னாரின் தந்தை, இன்னாரின் தாய் என்று வருவது குன்யத்து. ஊராலோ குலத்தாலோ தொழிலாலோ வருவது நிஸ்பத்து. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் புகாரா நகரத்தவர் என்பதைப் போல. சிறப்புக் கருதிப் பிறர் சூட்டுவது லகபு. அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு ஸித்தீக், உமர் (ரலி) அவர்களுக்கு ஃபாரூக் என்பன லகபுகள். லகபு அதனைப் பெற்ற மனிதருக்கு மட்டுமே உரியது. ஃபாரூக்கின் மகன் பிறப்பால் ஃபாரூக் ஆவதில்லை. இந்தப் பகுப்பை மனத்தில் இருத்திக்கொண்டால் ‘கான்’ என்னும் சொல்லின் கதை எளிதில் விளங்கும். அது லகபாகப் பிறந்த சொல். நம் நாட்டில் எப்படியோ நிஸ்பத்தின் இருக்கையில் போய் அமர்ந்துகொண்டது.

சொல்லின் தாயகம் துருக்கியரும் மங்கோலியரும் குதிரைகளோடு அலைந்த மத்திய ஆசியப் புல்வெளி. மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 8ஆம் நூற்றாண்டில் நாட்டப்பட்ட துருக்கியக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் இளவரசர் குல் தேகினின் நினைவாக 732இல் எழுப்பப்பட்ட கல் பெயர் பெற்றது. அவற்றில் பேரரசரைக் குறிக்கும் சொல் ‘ககான்’. அரபு, பாரசீக நூல்களில் ‘காகான்’ என்று வருவது இதுவே. ‘கான்’ அதன் உடன்பிறப்பு. 11ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்துகொண்டு துருக்கிய மொழிச் சொற்களுக்கு அரபியில் அகராதி எழுதிய மஹ்மூத் அல்காஷ்கரீ, அந்நூலை அப்பாஸியக் கலீஃபா முக்ததீக்குக் காணிக்கையாக்கினார். அவரும் கானைத் துருக்கியரின் மாமன்னருக்குரிய பெயராகவே விளக்குகின்றார்.

1206இல் தெமூஜின் என்னும் மங்கோலியத் தலைவர் ‘செங்கிஸ் கான்’ ஆனார். வரலாற்று வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவராவது, “செங்கிஸ் கான் முஸ்லிமா?” என்று கேட்காமல் இருப்பதில்லை. அவர் முஸ்லிமல்லர். அவருடைய பேரர் ஹுலாகு 1258இல் பக்தாதைச் சூறையாடி அப்பாஸியக் கிலாஃபத்தை முடித்து வைத்தார். ஹுலாகுவின் வழியினர் ‘இல்கான்’ என்று தம்மை அழைத்துக்கொண்டனர். பெருங்கானுக்கு அடங்கிய கான் என்பது அதன் பொருள் என்பர். அவ்வழியில் வந்த கஸான் கான் 1295இல் இஸ்லாத்தைத் தழுவினார். கிலாஃபத்தை அழித்தவரின் பட்டம் நம் பள்ளிவாசல்களின் ஜமாஅத் பதிவேடுகளில் இடம்பெற்றிருப்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

செங்கிஸின் காலத்திற்குப் பின்னர் அப்பட்டத்திற்கு அவருடைய இரத்தம் வேண்டும் என்னும் விதி மத்திய ஆசியாவில் நிலைபெற்றது. அது எவ்வளவு கடுமையான விதி என்பதற்குத் தைமூரே சான்று. தில்லி முதல் திமிஷ்க் வரை நடுங்க வைத்த அவர், தம்மைக் கான் என்று அழைத்துக்கொள்ளத் துணியவில்லை. செங்கிஸ் வழியில் வந்த ஒருவரைப் பெயரளவில் கானாக அமர்த்திவிட்டு, தாம் ‘அமீர்’ என்றும், கான் குடும்பத்தில் பெண் எடுத்ததால் ‘குர்கான்’, அதாவது மருமகன், என்றும் இருந்துகொண்டார். அவர் வழியில் வந்த பாபர் 1507இல் காபூலில் ‘பாத்ஷாஹ்’ என்னும் பாரசீகப் பெயரைச் சூடினார். அப்பெயர் நம் ஊர்களில் பாதுஷா என்றாகி மனிதர்களுக்கும் இடப்பட்டது. பின்னர் மிட்டாய்க் கடையில் நெய்யில் பொரித்தும் வைக்கப்பட்டது.

இனி இந்தியாவிற்கு வருவோம். புல்வெளியில் மன்னரைக் குறித்த சொல் தில்லியில் மன்னரின் ஊழியரைக் குறிக்கத் தொடங்கியது. தில்லி சுல்தான்களின் காலத்தை எழுதிய ஸியாவுத்தீன் பரனீ ஒரு படிநிலையைக் கூறுகின்றார். பத்துக் குதிரைவீரருக்கு ஒரு ஸர்கைல். பத்து ஸர்கைலுக்கு ஒரு ஸிபஹ்ஸாலார். அவ்வாறே பதின்மடங்காக அமீர், மலிக் என்று ஏறி, பத்து மலிக்குகளுக்கு மேல் கான். கணக்கிட்டால் ஒரு கானின் கீழ் ஒரு இலட்சம் குதிரை வரும்! நடைமுறையில் அவ்வளவு படை எந்தக் கானிடமும் இருந்திருக்குமென்று நாம் நம்பவில்லை. ஆனால் கான் என்பது சுல்தானுக்கு அடுத்த படியிலிருக்கும் பிரபுவின் பதவி என்பது இதனால் தெளிவாகின்றது. அதே நூற்றாண்டில் உலகைச் சுற்றிய இப்னு பதூதா, வோல்கா நதிக்கரை அரசரான உஸ்பக் கானைப் பற்றி எழுதும்போது, அம்மக்களிடம் கான் என்றால் சுல்தான் என்று பொருள் எனத் தம் வாசகர்களுக்கு விளக்குகின்றார். அவர் விளக்கியதற்கும் காரணம் உண்டு. அரபு நாடுகளில் ‘கான்’ என்றால் வணிகர்கள் ஒட்டகங்களைக் கட்டி இரவு தங்கும் சத்திரம். கெய்ரோவின் கான் அல்கலீலீ கடைவீதியும் காஸாவின் கான் யூனுஸ் நகரும் அப்படிப் பெயர் பெற்றவை. அது பாரசீக வழி வந்த வேறு சொல். ஒலியால் மட்டுமே ஒற்றுமை.

முகலாயர் காலத்தில் கான் என்பது பாத்ஷாஹ் தம் கையால் வழங்கும் பட்டமாயிற்று. பைராம் கானும் அவர் மகன் அப்துர் ரஹீமும் ‘கானெகானான்’, கான்களின் கான், என்று உயர்த்தப்பட்டனர். அரண்மனைப் பண்டகசாலைக்குப் பொறுப்பான பெரிய அதிகாரிக்குக் ‘கானெ ஸாமான்’ என்று பெயர். அதுவே பின்னர் வடநாட்டு ஆங்கிலேயர் பங்களாக்களில் சமையற்காரரைக் குறிக்கும் ‘கான்சாமா’ ஆயிற்று. சென்னை மாகாணத்துத் துரைமாருக்குப் ‘பட்லர்’ வாய்த்துவிட்டதால் இங்கு அச்சொல் அவ்வளவாக வேரூன்றவில்லை.

இப்பட்டத்தைப் பெறுவதற்குத் துருக்கியராகவோ ஆப்கானியராகவோ இருக்க வேண்டியதில்லை. முஸ்லிமாகவும் இருக்க வேண்டியதில்லை. 15ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் கிருஷ்ணரின் கதையைப் பாடிய மாலாதர் பாசு என்னும் கவிஞருக்கு அந்நாட்டு சுல்தான் அளித்த பட்டம் ‘குணராஜ் கான்’. நம் பக்கத்திலோ, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்காட்டை ஆண்ட ஸஆதத்துல்லாஹ் கான், தம்மை அரபு வழியினராகக் கூறிக்கொள்ளும் நவாயத் சமூகத்தவர். அவருடைய இஸ்மு முஹம்மது ஸஈத். கான் என்பது அவருக்கு முகலாயர் தந்த லகபின் வால். இன்னொன்றையும் கூற வேண்டும். பட்டாணியரிடையேகூடக் ‘கான்’ குலப்பெயரன்று. அவர்களின் குலப்பெயர்கள் யூஸுஃப்ஸயீ, அஃப்ரீதி போன்றவை. கான் என்பது அங்கே நிலமும் விருந்தோம்பலும் செல்வாக்கும் உள்ள பெரியவருக்கு மக்கள் தரும் மரியாதைப் பெயர்.

மீண்டும் சேர்வராயன் மலையடிவாரத்திற்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சேலமும் பாராமஹாலும் மைசூரின் ஆட்சியில் இருந்தன. அப்போது மைசூரை ஆண்ட ஹைதர் அலீ இப்பட்டத்தின் வரலாற்றில் தனி இடம் பெறுபவர். அவருடைய தந்தையின் பெயர் ஃபத்ஹ் முஹம்மது. குடும்பப் பெயரில் கான் இல்லை. மைசூர்ப் படையில் சேர்ந்து, 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் பெயர் பெற்று, 1755இல் திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தாராக அமர்ந்தவர் அவர். அக்காலத்தில் அவர் ‘ஹைதர் நாயக்’. நாயக் என்றால் தலைவன். மதுரையிலும் தஞ்சையிலும் ஆண்ட மன்னர்கள் சூடிய பெயர் அது. இன்றைய இந்தியப் படையிலோ மிகச் சிறிய பதவி ஒன்றின் பெயர். 1761இல் நிஜாமின் சகோதரர் பஸாலத் ஜங், ஹைதரை ஸீராவின் நவாபாக ஏற்று ‘ஹைதர் அலீ கான் பகதூர்’ என்னும் பட்டத்தை அளித்தார். பஸாலத் ஜங்குக்கு அப்போது பணமும் படைத்துணையும் தேவைப்பட்டன. ஸீரா அவருடைய கைவசம் இருக்கவுமில்லை. இல்லாத ஊருக்கு நவாபாக்கி, தைமூர் சூடத் துணியாத பட்டத்தையும் கொடுத்து விலை பெற்றுக்கொண்டார் என்று கூறினால் மிகையாகாது.

பட்டம் இவ்வாறு வந்தபோதும், அதற்குரிய தகுதி ஹைதரிடம் இருந்தது. 1768இல் ஆங்கிலத் தளபதி கர்னல் வுட் சேலத்தைக் கைப்பற்றினார். அவ்வாண்டு முடிவதற்குள் ஹைதர் அதனை மீட்டுக்கொண்டார். மறு ஆண்டு சென்னைக் கோட்டையின் வாயில்வரை சென்று, ஆங்கிலேயரைத் தம் நிபந்தனைகளின்படி சமாதானம் செய்ய வைத்தார். அதற்குப் பின்னரும் கும்பினியாரின் கடிதங்களிலும் குறிப்புகளிலும் அவர் பெரும்பாலும் ‘ஹைதர் நாயக்’ என்றே குறிக்கப்பட்டார். தோற்ற இடத்தில் பட்டத்தையாவது மறுத்துப் பார்க்கலாம் என்று எண்ணினர் போலும். ஒருவரையொருவர் பட்டப்பெயர்களால் இழித்துரைக்க வேண்டாமென ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்திருப்பது நினைவுக்கு வருகின்றது. நம் மக்களோ நாயக்கையும் கானையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டனர். பழைய பொருளைக் கண்டால் ‘ஐதர் அலி காலத்தது’ என்று தமிழகத்தில் இன்றும் கூறுகின்றனர்.

ஹைதரின் மகனுடைய நாட்டம் வேறுவகையானது. திப்புவின் பொன், வெள்ளி நாணயங்களில் ‘சுல்தான்’ என்னும் சொல்லே பொறிக்கப்பட்டுள்ளது. முகலாயப் பாத்ஷாஹிடமோ நிஜாமிடமோ பெறும் எந்தப் பட்டமும் தம்மை அவர்களின் ஊழியராக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே உஸ்மானியக் கலீஃபாவின் அங்கீகாரத்தை நாடித் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். 1786இல் கப்பலேறிய அக்குழு 1787இல் இஸ்தான்புலை அடைந்தது. அங்கு அரியணையில் இருந்தவர் முதலாம் அப்துல் ஹமீது. அவருடைய துக்ரா முத்திரையில் இருந்த பெயர் ‘அப்துல் ஹமீது கான்’! புல்வெளியில் பிறந்த பழைய பொருளை உஸ்மானியர் இழக்கவில்லை. அங்கே கான் என்றால் இறைமை உடைய அரசர். இங்கே மைசூரில், தந்தை பெற்ற அதே பட்டம் அடிமைக் குறியாகப் பட்டதால் மகன் அதனைத் தாண்டிச் செல்ல முயன்றார். 1792 மார்ச் மாத ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி சேலமும் பாராமஹாலும் கும்பினியின் கைக்கு மாறின. அலெக்ஸாண்டர் ரீட் வரி வசூலிக்க வந்தார். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைப் பயிரிட்டார். நம் நண்பரின் தோட்டத்திற்கும் அதுவே தொடக்கம்.

ஆனால் தமிழ் மண்ணில் ‘கான்’ என்றதும் மக்கள் நாவில் வரும் பெயர் ஹைதருடையதன்று; மதுரைக் கான்சாகிபுடையது. இராமநாதபுரச் சீமையின் பனையூரில் மருதநாயகம் என்னும் பெயரில் பிறந்து, இஸ்லாத்தை ஏற்று, யூஸுஃப் கான் ஆனவர் அவர். கும்பினியின் சிப்பாய்ப் படைகளுக்குக் ‘கமாண்டன்ட்’ ஆனார்; மக்கள் அதனைக் ‘கும்மந்தான்’ ஆக்கினர். ஆங்கிலேயரின் நூல்களில் அவர் ‘மஹமது இஸூஃப்’; தமிழர் வாயில் ‘கும்மந்தான் கான்சாகிபு’. ஒரு தமிழரின் பெயரில் துருக்கியப் பட்டம், அரபு மரியாதைச் சொல், ஐரோப்பியப் பதவி ஆகிய மூன்றும் கூடின, இஸ்மு மறைந்தது. திருச்சிராப்பள்ளிப் போர்களில் கும்பினிக்கு வெற்றி தேடித் தந்த அவர், பின்னர் மதுரையையும் திருநெல்வேலியையும் நிருவகித்தார். கண்மாய்களைச் செப்பனிட்டார், நெசவாளருக்கு ஆதரவளித்தார், மீனாட்சியம்மன் கோயிலின் வருவாயையும் மீட்டுத் தந்தார் என்பர். ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீயின் கீழ் வெறும் குத்தகைதாரராக இருக்க மறுத்தபோது, முன்பு பொற்பதக்கம் அளித்துப் பாராட்டிய கும்பினியே அவரைத் துரோகி என்று கூறிப் படையெடுத்தது. 1763இல் தொடங்கிய முற்றுகையை அவர் ஓராண்டுக்கு மேல் தாங்கினார். கோட்டை விழவில்லை. அவருடைய திவான் ஸ்ரீனிவாச ராவும் பிரெஞ்சுத் தளபதி மார்ஷானும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார்.

அரபு மொழியில் ‘கான’ என்பது ஒரு வினைச்சொல். ‘அவன் துரோகம் செய்தான்’ என்று பொருள்படும். உயிர்க்குறியின்றி எழுதும்போது அதற்கும் துருக்கியப் பட்டத்திற்கும் எழுத்து வேறுபாடு இல்லை: காவும் அலிஃபும் நூனும்தான். வேர் வேறு, பொருளும் வேறு. எனினும் சம்மட்டிபுரத்திலுள்ள அவருடைய அடக்கத்தலத்தில் நின்றபோது, அம்மூன்று எழுத்துகளும் இரண்டு வகையாகவும் நம் கண்முன் நின்றதை மறைக்க விரும்பவில்லை. துரோகி என்று பெயர் சூட்டியவர்கள் தூக்கிலிட்டனர். துரோகத்தால் வீழ்ந்தவர் இங்கே உறங்குகின்றார்.

மதுரை மக்களின் தீர்ப்பு வேறாக இருந்தது. ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடல் பிறந்தது. மதுரையில் கான்சாமேட்டுத் தெருவும், வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரமும் அந்தப் பட்டத்தை இன்றும் ஏந்தி நிற்கின்றன. சமையற்காரக் கான்சாமாவுக்கும் இத்தெருவுக்கும் தொடர்பு தேடுவோர் தவறிழைப்பர்; இது கான் சாகிபின் குறுக்கம். அவருடைய பட்டம் எந்தப் பாத்ஷாஹின் சன்னதிலிருந்து வந்திருந்தாலும், மக்கள் அதனைத் தம் மனத்திலிருந்தே அவருக்கு அளித்துள்ளனர். பனையூரில் பிறந்த இந்தக் கானைப் பட்டாணியர் என்று யாரேனும் கூறுவரோ?

முகலாயருக்குப் பின்னர் பட்டம் வழங்கும் உரிமையை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். வீரன் என்று பொருள்படும் ‘பகதூர்’ என்பதும் அதே புல்வெளிச் சொல்தான். கும்பினியே தன்னைக் ‘கும்பினி பகதூர்’ என்று அழைக்க விட்டிருந்தது. முஸ்லிம்களுக்குக் ‘கான் சாஹிப்’, அதற்கு மேல் ‘கான் பகதூர்’. தென்னாட்டு இந்துக்களுக்கு ‘ராவ் சாஹிப்’, ‘ராவ் பகதூர்’ என்று வகுத்துப் பதக்கமும் அணிவித்தனர். பார்ஸிகளும் கான் பகதூர்கள் ஆயினர். படை நடத்தியதற்காக வழங்கப்பட்ட பட்டம், நகராட்சி மன்றத்தில் அமர்ந்ததற்கும் அரசுக்கு இணக்கமாக நடந்ததற்கும் வழங்கப்பட்டது. எல்லாரையும் அப்படி எடைபோட்டுவிடக் கூடாது. உள்நாட்டு மருத்துவமுறைகளை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவரும், 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக அமர்ந்தவருமான கான் பகதூர் சர் முஹம்மது உஸ்மான் போன்றோர் செய்த பணி பட்டத்தைவிடப் பெரியது. பட்டம் பெறாத முஸ்லிம் உறுப்பினர்களையும் சென்னைச் சட்டமன்றக் குறிப்புகள் ‘சாஹிப் பகதூர்’ என்றே எழுதின. காயிதெ மில்லத் அவர்களும் அவ்வாறே முஹம்மது இஸ்மாயில் சாஹிப் பகதூர் ஆனார்கள்.

கிலாஃபத் இயக்கம் வந்தபோது நிலைமை விசித்திரமாயிற்று. உஸ்மானியக் கலீஃபாவுக்காக இந்திய முஸ்லிம்கள் ஆங்கிலப் பட்டங்களைத் துறந்தனர். 1920இல் ஹகீம் அஜ்மல் கான், அரசு தந்த ‘ஹாஸிகுல் முல்க்’ பட்டத்தைத் திருப்பியளித்தார். மக்கள் அவரை ‘மஸீஹுல் முல்க்’ என்று அழைக்கத் தொடங்கினர். பெயரின் இறுதியிலிருந்த கான் அப்படியே நின்றது. அதனை அதற்குள் யாரும் பட்டமாக எண்ணவில்லை. கான் பகதூர் பட்டத்தைத் துறந்தவர்களோ, துருக்கியக் கலீஃபாவின் மீதுள்ள பற்றினால் ஒரு துருக்கியச் சொல்லைக் கைவிட்டனர். துருக்கியரும் தம் பங்குக்குக் கைவிட்டனர். 1924 மார்ச் 3இல் கிலாஃபத்தை ஒழித்தனர். 1934 நவம்பரில் பாஷா, பே, எஃபெந்தி முதலிய பட்டங்களைச் சட்டத்தால் நீக்கினர். அச்சட்டம் ஹாஜி, ஹாஃபிஸ் என்பவற்றையும் விட்டுவைக்கவில்லை. இந்தியாவில் 1946 ஜூலையில் பம்பாயில் கூடிய முஸ்லிம் லீக் ஆங்கிலேயர் தந்த பட்டங்களைத் துறக்குமாறு தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. விடுதலைக்குப் பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக, அரசு பட்டம் வழங்குவதையே நிறுத்திவிட்டது.

பட்டம் வழங்குவோர் அனைவரும் போய்விட்டனர். சொல் மட்டும் பெயர்களில் தங்கிவிட்டது. இதுவே குழப்பத்தின் தோற்றுவாய். இராவுத்தர் என்பதும் குதிரைவீரரைக் குறித்த பட்டப்பெயர்தான் என்பதை நம் பெரியவர் அறிந்திருக்கவில்லை. மேலும் ஒரு வேடிக்கை உண்டு. தமிழகத்து முஸ்லிம்கள் அனைவரையும், துருக்கியைக் கண்ணால் காணாதவர்களையும், அயலார் பல நூற்றாண்டுகளாகத் ‘துலுக்கர்’ என்று அழைத்தனர். அது துருக்கர் என்பதன் திரிபு. துருக்கியப் பட்டம் உடையவரையோ நாமே பட்டாணியர் என்கிறோம்.

இவற்றுள் சிலவற்றை அன்றிரவே பெரியவரிடம் கூறினோம். ஹைதரையும் கான்சாகிபையும் பொறுமையாகக் கேட்டார். “இருந்தாலும் ஹஜ்ரத், பெயர் என்றால் அதற்கு ஒரு வழி இருக்குமல்லவா?” என்றார். மணப்பெண்ணின் பெயர் என்னவென்று நாம் கேட்டோம். பெயர் ‘பேகம்’ என்று முடிந்தது. பேக் என்பது துருக்கியத் தலைவருக்குரிய பட்டம். ‘என் கான்’ என்பது கானம் ஆனதைப் போல, ‘என் பேக்’ என்பதே பேகம் ஆயிற்று என்பர் மொழி வல்லார். தில்லி அரண்மனைகளில் அரசகுலப் பெண்டிருக்கு மட்டுமே உரியதாயிருந்த அச்சொல், நம் ஊர்களில் தெருவுக்குப் பத்து வீடுகளில் பெண்மக்களுக்கு இடப்பட்டுள்ளது. அதை வைத்து அப்பெண்களின் நஸபை யாரும் துருக்கிவரை தேடிச் சென்றதில்லை. பெரியவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்னர், தம் மனைவியின் பெயரும் பேகம்தான் என்றார்.

நிக்காஹ் மறு ஆண்டு ஷவ்வால் மாதத்தில் நடைபெற்றது. பதிவேட்டில் மணமகன், மணமகள் பெயர்களை நாமே எழுதினோம். சாட்சிக் கையெழுத்துகளில் முதலாவது அப்பெரியவருடையது.